பங்களாதேசத்தின் ஆடைக் கைத்தொழில் வளர்ந்த வரலாறு

ஒரு நாட்டின் பொருளாதார நிலையை ஆராய்வோர் அந்நாட்டின் ஏற்றுமதிப் பட்டியலை முதலில் நோக்குதல் வழக்கம். 1971ஆம் ஆண்டிலே தனியரசாகிய பங்களாதேசத்தின் பட்டியலில் சணலும் சணற்பொருள்களுமே பெரும்பகுதியை நிரப்பின. ஐம்பது ஆண்டு கழிவதற்குள் ஏற்றுமதி வருவாயில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்ட பங்கினைத் தைத்த ஆடைகள் ஈட்டலாயின. பருத்தியைப் பெரும்பாலும் பிறநாடுகளிலிருந்தே பெறவேண்டிய ஒரு நாடு இந்நிலையை அடைந்தது எவ்வாறு? கூலி குறைவு என்று ஒரே சொல்லில் விடை கூறி அமைவார் பலர். கூலி 1971ஆம் ஆண்டிலும் குறைவாகவே இருந்தது. அதற்கு முன்னரும் அவ்வாறே. ஆயினும் அக்காலத்தில் ஆடை ஏற்றுமதி என்று சொல்லத்தக்கது அங்கு யாதும் இருந்ததில்லை. டாக்கா மசுலினின் பழம்பெருமையைக் காரணமாகக் காட்டுவதும் பொருந்தாது. கைத்தறியிலே மெல்லிய துகில் நெய்த மரபுக்கும் ஆயிரக்கணக்கிற் சேட்டுத் தைக்கும் தொழிற்சாலைக்கும் இடையே தொடர்பு காண்பது கவிஞர்க்கு எளிது, வரலாற்றாசிரியர்க்கு அரிது.

உண்மைக் காரணத்தின் ஒரு பகுதி செல்வநாடுகளின் அச்சத்திலே கிடந்தது. யப்பானின் பருத்தித் துணிகள் தம் சந்தையை நிரப்புவதைக் கண்ட அமெரிக்கர், 1957ஆம் ஆண்டில் அந்நாடு தன் ஏற்றுமதியைத் தானே மட்டுப்படுத்திக்கொள்ளுமாறு செய்தனர். 1962ஆம் ஆண்டில் பருத்திப் பொருள்கள் பற்றிய நீண்டகால ஒப்பந்தம் எழுந்தது. 1974ஆம் ஆண்டு முதல் செயற்கை நூலாடை, கம்பளியாடை என்பவற்றையும் தழுவிய பல்லிழை ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. எந்த நாடு எத்தனை உடை அனுப்பலாம் என்பதை இவ்வொப்பந்தத்தின் கீழ்க் கோட்டா முறை வரையறுத்தது. கொங்கொங், தாய்வான், தென் கொரியா ஆகியவற்றின் வணிகர் தம் கோட்டா நிரம்பியதும், கோட்டா விதிக்கப்படாத நாடுகளைத் தேடிப் புறப்பட்டனர். போட்டியைத் தடுக்க இட்ட வேலியே தொழிலின் வித்தைப் பிறநிலங்களுக்குப் பரப்பியது. இலங்கையிலும் 1977ஆம் ஆண்டின் பொருளாதாரத் திறப்பையும் மறு ஆண்டின் கட்டுநாயக்கா வர்த்தக வலயத்தையும் தொடர்ந்து வந்த ஆடை முதலீட்டுக்கு இக்கோட்டா ஒரு முக்கிய ஏதுவாகும்.

அரசாங்க உத்தியோகத்தராக விளங்கிப் பின் வணிகத்துட் புகுந்த நூருல் காதர் என்பவர் தேஷ் என்னும் கம்பனியை நிறுவி, தென் கொரியாவின் டேவூ நிறுவனத்துடன் 1978ஆம் ஆண்டில் உடன்படிக்கை செய்துகொண்டார். கொரியர் பொறிகளைத் தெரிந்து தருவர், தொழில் கற்பிப்பர், ஆடைகளை விற்றுக் கொடுப்பர். இவற்றுக்காக விற்பனைப் பெறுமதியில் 8 வீதம் அவர்க்குச் சேரும். இவ்வுடன்படிக்கையின் உயிர்நாடி பொறிகளிலன்று, பயிற்சியிலேயே இருந்தது. 1979ஆம் ஆண்டிலே தேஷ் கம்பனியின் ஊழியர் ஏறக்குறைய 130 பேர் பூசான் நகரத்திலுள்ள டேவூ தொழிற்சாலைக்கு அனுப்பப்பட்டு, அரையாண்டுக்கு மேல் அங்கே தங்கித் தொழில் பயின்றனர். துணி வெட்டுதல், தையல் வரிசையில் வேலையைப் பகுத்தல், தரம் பார்த்தல், குறித்த நாளிற் கப்பலேற்றுதல் ஆகியவற்றை நூலிற் கற்றல் இயலாது. செய்வாரோடு நின்று செய்தே கற்றல் வேண்டும். 1980ஆம் ஆண்டில் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிற்று. மறு ஆண்டிலேயே தேஷ் கம்பனி டேவூவுடனான உடன்படிக்கையை முறித்துக்கொண்டது. ஆசிரியன் இன்றியே நடக்கலாம் என்ற துணிவு அத்துணை விரைவில் வந்துவிட்டது.

அதே துணிவு தேஷ் கம்பனிக்கு எதிராகவும் திரும்பியது. பூசானில் பயின்றோரிற் பெரும்பாலார் சில ஆண்டுகளுள் அதனை விட்டு நீங்கினர். சிலர் தாமே ஆலை தொடங்கினர். சிலர் புதிய ஆலைகளில் மேற்பார்வையாளராயினர். செலவிட்டுப் பயிற்றிய கம்பனிக்கு இது நட்டமே. நாட்டுக்கோ இதைவிடப் பெரிய ஊதியம் வேறில்லை. மூலதனத்தைப் பெட்டியிற் பூட்டலாம். கையிற் படிந்த திறனைப் பூட்டி வைக்க எவராலும் இயலாது.

எனினும் திறன் மட்டும் போதுமாயின் பணமில்லாதார் ஆலை வைத்திருக்க முடியாது. இங்கே இரண்டு ஏற்பாடுகள் துணைசெய்தன. அயல்நாட்டு வாங்குநர் அனுப்பும் நாணயக் கடிதத்தைப் பிணையாகக் கொண்டு, துணி வாங்குவதற்கு இன்னொரு நாணயக் கடிதத்தை வங்கி திறந்துகொடுத்தது. ஆடை விற்ற பணம் வந்ததும் துணிக் கடன் தீரும். அவ்வாறு வந்த துணி, சுங்கப் பிணைக் களஞ்சியத்தில் தீர்வையின்றி வைக்கப்பட்டு, ஏற்றுமதிக்கே பயன்படும் என்ற உறுதியின்மேல் விடுவிக்கப்பட்டது. கணக்காளர் மட்டுமே படிக்கும் செய்தியென்று இவற்றைத் தள்ளிவிடுதல் தகாது. சிறுமுதலுடையோர் நூற்றுக்கணக்கில் இத்தொழிலுட் புகுந்தமைக்கு இவ்விரண்டும் இன்றியமையாதவை. தொழில் இவ்வாறு பெருகவே, 1985ஆம் ஆண்டில் அமெரிக்கா பங்களாதேசத்தின்மீதும் கோட்டா விதித்தது.

ஆடை வணிகத்தில் ஊதியம் பெரிதும் சேருமிடம் தையற்பொறியின் பக்கமன்று. வடிவமைப்பு, வணிகப் பெயர், கடைத்தெரு ஆகியவற்றைக் கைக்கொண்ட மேனாட்டு நிறுவனங்களே விலையையும் காலத்தையும் வகுக்கின்றன. இத்தகைய உற்பத்திச் சங்கிலிகள் வாங்குநரால் இயக்கப்படுவன என்று அமெரிக்க சமூகவியலாளர் கரி ஜெரெபி 1994ஆம் ஆண்டில் விளக்கினார். வெட்டித் தைத்துக் கூலிபெறும் நாடு மேலே ஏறவேண்டுமாயின் துணியைத் தானே ஆக்கவேண்டும், பின்னர் வடிவத்தையும், இறுதியிற் பெயரையும் தனதாக்கவேண்டும். பங்களாதேசம் முதற்படியிற் பாதியே ஏறியது. பின்னலாடைக்கு வேண்டிய நூலையும் துணியையும் ஆக்கும் ஆலைகள் அங்கு நிறைய எழுந்தன. நூலைத் துணியாக்குதல், துணியை ஆடையாக்குதல் ஆகிய இரண்டும் உள்நாட்டில் நடந்தாலன்றித் தீர்வைச் சலுகையில்லை என்ற ஐரோப்பிய விதி இதற்கு ஒரு தூண்டுகோல். நெய்த துணியோ பெரும்பகுதி சீனா முதலிய நாடுகளிலிருந்தே வந்தது. 2011ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் மிகக் குறைந்த வளர்ச்சியுள்ள நாடுகளுக்கு அவ்விதியைத் தளர்த்தியது. உடனடி நன்மை கிட்டியது, துணியாலை அமைக்கும் அவசரம் குறைந்தது.

2004ஆம் ஆண்டின் முடிவோடு கோட்டா முறை ஒழிந்தபோது, சீனத்தின் பெருக்கிற் பங்களாதேசம் அமிழ்ந்துவிடும் எனப் பலர் கணித்தனர். அக்கணிப்புப் பொய்த்தது. இலங்கை அதே வேளையில் வேறுவழி சென்றது: தொகையிற் போட்டியிடாது, உள்ளாடை முதலிய நுண்ணிய வகைகளிலும் வடிவமைப்பிலும் முயன்றது. 2010ஆம் ஆண்டில் ஐரோப்பியச் சலுகை நிறுத்தப்பட்டு 2017ஆம் ஆண்டில் மீளக் கிடைக்கும் வரை அது தாக்குப்பிடித்தமைக்கு இந்நுண்மையும் ஒரு காரணம்.

கிராமங்களிலிருந்து நகரடைந்து இத்தொழிலைத் தாங்கிய பெண்களின் நிலையைக் கூறாது இவ்வரலாறு நிரம்பாது. ஊதியம் தம் கையிலே பெறும் உரிமை அவர்களுட் பலர்க்கு இத்தொழிலாலேயே கிட்டியது. அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் சிறிதன்று. 1994ஆம் ஆண்டில் மாதத்துக்கு 930 தாக்காவாக இருந்த குறைந்தபட்சக் கூலி, பன்னிரண்டாண்டு திருத்தப்படாது கிடந்து 2006ஆம் ஆண்டிலேயே 1,662 தாக்காவானது. 2013ஆம் ஆண்டு ஏப்பிரல் 24ஆம் நாள் சாவாரிலே ரானா பிளாசா என்னும் கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டனர். முதல்நாளே சுவர்களில் வெடிப்புக் காணப்பட்டது. அங்கிருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. தையற்காரர் மட்டும் மறுநாளும் வேலைக்கு அழைக்கப்பட்டனர். குறித்த நாளிற் கப்பலேற்றுதல் என்னும் பூசானிற் கற்ற ஒழுங்கு, விலையைக் குறைத்து விரைவைக் கேட்கும் வாங்குநரின் நெருக்குதலோடு சேர்ந்து எங்கே கொண்டுசென்றது என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை. அதன் பின்னரே மேனாட்டு நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் சட்டவலுவுள்ள பாதுகாப்பு உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டன. ஆலைகள் சோதிக்கப்பட்டுப் பல திருத்தப்பட்டன. குறைந்தபட்சக் கூலி அவ்வாண்டில் 5,300 தாக்காவாகவும், 2018ஆம் ஆண்டில் 8,000 தாக்காவாகவும், கிளர்ச்சிகளுக்குப் பின் 2023ஆம் ஆண்டிறுதியில் 12,500 தாக்காவாகவும் உயர்ந்தது.

மிகக் குறைந்த வளர்ச்சியுள்ள நாடுகளின் வரிசையிலிருந்து பங்களாதேசம் 2026ஆம் ஆண்டு நவம்பரில் நீங்கும் என 2021ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை தீர்மானித்தது. நீங்கும் நாடுகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தன் சலுகையை மேலும் மூன்றாண்டு நீடிப்பது முறை. அதன்பின் தீர்வைச் சலுகை வேண்டுமாயின், நெய்த ஆடைக்கும் துணி உள்நாட்டிலேயே ஆக்கப்படவேண்டும் என்ற பழைய விதி மீண்டும் எதிரே வந்து நிற்கும்.