வழக்கால் முடங்கிய படம், வழக்காலேயே தப்பியது! 1933 'மார்த்தாண்ட வர்மா' ஊமைப்படத்தின் கதை

தென்னிந்தியாவில் எடுக்கப்பட்ட ஊமைப்படங்களில் இன்று பார்க்கக் கிடைப்பது ஒன்றே ஒன்றுதான் என்றால் நம்புவீர்களா? அதைத் தயாரித்தவர் நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர்.சுந்தர்ராஜ்.

நம்ம ஊர்ப் படங்கள் என்ன ஆச்சு?

நடராஜ முதலியார் 1910-களின் கடைசியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் எடுத்த 'கீசக வதம்' இப்போது இல்லை. (அங்கே 'மேடவாக்கம் டேங்க் ரோடு' என்று ஒரு சாலை உண்டு. தாம்பரம் பக்கம் இருக்கும் நம்ம மேடவாக்கம் வேற!) 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' கூட இல்லை. இந்தியா முழுக்க சுமார் 1,300 ஊமைப்படங்கள் எடுக்கப்பட்டதாகக் கணக்கு. அதில் முழுசாகவோ துண்டாகவோ மிஞ்சியவை 30 பக்கம்தான்.

காரணம், அன்றைய நைட்ரேட் ஃபிலிம். சுலபமாகத் தீப்பிடிக்கும், வைத்த இடத்திலேயே மட்கிப்போகும். ஓடி முடிந்த படங்களை வெள்ளிக்காக உருக்கியதும் உண்டு.

'மார்த்தாண்ட வர்மா' மட்டும் எப்படி?

சி.வி.ராமன் பிள்ளையின் 1891 மலையாள நாவல்தான் கதை. திருவிதாங்கூர் அரியணைக்கு உரிய இளவரசனைத் தீர்த்துக்கட்ட சதி நடக்கிறது, அவன் தப்பி ஆட்சியைப் பிடிக்கிறான். இயக்கியவர் பி.வி.ராவ். 1933-ல் திருவனந்தபுரம் கேபிடல் தியேட்டரில் வெளியானது.

சில நாட்களிலேயே சிக்கல் வந்தது. நாவலின் உரிமையை வைத்திருந்த கமலாலயா புக் டிப்போ, அனுமதியில்லாமல் படமாக்கிவிட்டதாக வழக்குப் போட்டது. படம் நிறுத்தப்பட்டு, சுருள் பதிப்பகத்தின் கைக்குப் போனது. போட்ட பணமெல்லாம் போச்சு. சுந்தர்ராஜுக்கு அது பெரிய அடி.

ஆனா தியேட்டர் தியேட்டராகச் சுற்றித் தேயாமல், அந்தச் சுருள் புத்தகக்கடையிலேயே கிடந்தது. 1974-ல் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதை மீட்டது. 40 வருஷம் நைட்ரேட் ஃபிலிம் தாங்கியதே அதிசயம்!

சுந்தர்ராஜின் உறவினரான ஜே.சி.டேனியலுக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' அவர் எடுத்ததுதான். அந்தச் சுருள் வீட்டில்தான் இருந்தது. சின்ன வயசில் விளையாட்டாக அதை எரித்துவிட்டதாக அவரது மகனே பின்னாளில் சொன்னார்.