சிறுநீரகத் தமனிச் சுருக்கமும் ஆயுளும்

சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனி சுருங்குவதால் உண்டாகும் உயர் ரத்த அழுத்தம் பற்றியது இப்பதிவு. 1934-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஹாரி கோல்ட்பிளாட், நாய்களின் சிறுநீரகத் தமனியை வெள்ளிக் கவ்வியால் இறுக்கி, அழுத்தம் ஏறுவதைக் காட்டினார். ரத்தவரத்து குறைந்த சிறுநீரகம் ரெனினைச் சுரக்கிறது. அதன் வழியே உருவாகும் ஆஞ்சியோடென்சின் உடலெங்கும் ரத்தக் குழாய்களை இறுக்குகிறது, உப்பையும் நீரையும் தேக்குகிறது.

நோயாளி எவ்வளவு காலம் வாழ்வார் என்பது பெரும்பாலும் காரணத்தைப் பொறுத்தது. தமனிச்சுவரின் நார்த்தசை பிறழ்வு பெரும்பாலும் பெண்களைத் தாக்கும். ஆஞ்சியோகிராமில் தமனி மணி கோத்தாற்போலத் தெரியும். பலூனால் விரித்தால் பலருக்கு அழுத்தம் தணியும், ஆயுளும் அவ்வளவாகப் பாதிக்கப்படாது. முதியோரிடம் காணும் கொழுப்புப் படிவுச் சுருக்கம் அப்படியன்று. இதே படிவு பெரும்பாலும் இதயக் குழாய்களிலும் மூளைக்குழாய்களிலும் இருக்கும். இவர்களில் பலர் இறப்பது சிறுநீரகச் செயலிழப்பால் அல்ல, மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும்தான். இந்தியாவில் இளவயதினரிடம் தக்கயாசு தமனியழற்சியையும் சுருக்கத்தின் காரணமாகத் தேடிப் பார்க்க வேண்டும்.

கொழுப்புப் படிவால் வந்த அடைப்பை நீக்கினால் ஆயுள் கூடும் என்ற எதிர்பார்ப்பு இயல்பானதே. ஆனால் 'ஆஸ்ட்ரல்' (2009, 806 பேர்), 'கோரல்' (2014) ஆகிய ஆய்வுகளில், மருந்தோடு, தமனியைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் குழாயும் பொருத்தியவர்கள் மருந்து மட்டும் உட்கொண்டவர்களைவிடக் கூடுதலாகப் பிழைக்கவில்லை. திடீரென நுரையீரலில் நீர் கோப்பவர்கள் போன்ற கடும் நோயாளிகள் இவற்றில் குறைவு என்ற விமர்சனம் நியாயமானது. அத்தகையோருக்கு ஸ்டென்ட் இன்றும் பரிந்துரைக்கப்படுகிறது. மற்றவர்களுக்குக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், ரத்த அழுத்த மருந்துகள், புகைபிடித்தலை விடுதல் ஆகியவையே முதன்மைச் சிகிச்சை. ஆஞ்சியோடென்சின் உருவாவதைத் தடுக்கும் ஏசிஇ தடுப்பான்கள் பயனுள்ளவை. இருபக்கமும் சுருங்கியிருந்தால் சிறுநீரகச் செயல் குறைவதைக் காட்டும் கிரியாட்டினின் எகிறக்கூடும் என்பதால், தொடங்கிய ஓரிரு வாரத்தில் ரத்தப் பரிசோதனை அவசியம்.