மனிதவளம்: வாவிக்கரை வரலாறு சொல்லும் பாடம்



எமது பகுதியின் ஆசிரியர்களும் அரச உத்தியோகத்தர்களும் இன்று மனிதவளத் துறையில் முதுமாணிப் பட்டம் படிக்கின்றனர். மகிழ்ச்சியான விடயம். கல்வி செலவல்ல, முதலீடு என்பதே அந்தப் பாடத்தின் அடிப்படை. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் தியடோர் ஷுல்ட்ஸ் 1960இல் இதை வலியுறுத்தினார். அந்த முதலீட்டுக்கு எமது மண்ணில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். பேராசிரியரைத் தந்த பிரதேசம் உயர்கல்வி நிறுவனமொன்றுக்கு மேலும் 38 ஆண்டுகள் காத்திருந்தது. 1981 ஆகஸ்ட் 1இல் வந்தாறுமூலையில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1986 ஒக்டோபர் 1இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமானது.

நான்கே ஆண்டுகளில் எல்லாம் குலைந்தது. 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் கொன்றனர். அடுத்த மாதம் 5ஆம் திகதி, வந்தாறுமூலை வளாகத்தில் அகதிகளாகத் தங்கியிருந்த தமிழர் 158 பேரை இராணுவத்தினர் கொண்டுசென்றனர். அவர்கள் திரும்பவில்லை. படிக்கக் கட்டிய இடம் உறவுகளைத் தேடும் இடமானது.

யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் முஸ்லிம் மாணவர்கள் படிப்பைத் தொடர முடியாத நிலை வந்தது. அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரபின் முயற்சியால் 1995 ஒக்டோபரில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி உருவாகி, 1996இல் பல்கலைக்கழகமானது. எமது பிள்ளைகளுக்கு ஒலுவிலில் ஒரு கதவு திறந்தது. ஆனால் ஒரே வாவியின் நீரைப் பார்த்து வளர்ந்த தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒரே விரிவுரை மண்டபத்தில் இருக்கும் வாய்ப்புக் குறைந்தது. அந்த இழப்பு எந்தக் கணக்கிலும் எழுதப்படவில்லை.

2006 டிசம்பரில் கிழக்குப் பல்கலைக்கழக உபவேந்தர் பேராசிரியர் எஸ். ரவீந்திரநாத் கொழும்பில் காணாமல் போனார். ஒரு பேராசிரியரை உருவாக்க எத்தனை ஆண்டுகள் வேண்டும்! இழக்க ஒரு நாள் போதும்.

ஆட்சேர்ப்பு, பயிற்சி, மதிப்பீடு எல்லாம் பாடநூலில் இருக்கின்றன. மனிதன் அச்சமின்றிப் படிக்கவும் வேலைக்குப் போய் வீடு திரும்பவும் முடிந்தால்தான் அவை பயன் தரும். இதை எமக்குச் சொல்லித் தந்தது வரலாறு.

முதுமாணி ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் தம்பி, தங்கைமாரே! தூரத்துக் கம்பனிகளைவிட எமது பாடசாலைகளையும் வைத்தியசாலைகளையும் பாருங்கள். படுவான்கரைக்கு நியமனம் பெறும் ஆசிரியர் ஏன் இடமாற்றம் கேட்கிறார்? தமிழரும் முஸ்லிம்களும் ஒன்றாக வேலை செய்யும் காரியாலயங்களில் நம்பிக்கை எப்படித் திரும்பி வந்தது? போன தலைமுறையின் ஆசிரியர்கள் இன்னும் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.