உதகையில் பிறந்த வரலாற்றாசிரியர்

நீலகிரியின் உதகமண்டலத்தில் 1930 ஆம் ஆண்டு மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்தவர் ராபர்ட் எரிக் ஃபிரைக்கன்பர்க். பின்னர் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராய்ப் பணியாற்றினார். குண்டூர் மாவட்டத்தைக் குறித்து 1965 இல் வெளியான அவரது நூல், 1788 முதல் 1848 வரை அங்கே அதிகாரம் உண்மையில் எவரிடம் இருந்தது என்று ஆராய்கிறது. ஆங்கிலக் கலெக்டர்கள் வந்து போயினர். கணக்கும் மொழியும் அறிந்த கச்சேரி உத்தியோகஸ்தரோ நிலைத்திருந்தனர். வரிப்பணம் முழுவதும் கும்பினியின் கைக்கு எட்டவில்லை.

அதே வினாவை அவர் இந்தியத் திருச்சபையின் வரலாற்றிலும் எழுப்பினார். மிஷனெரிகளின் மகனாயிருந்தும், 2008 இல் வெளியிட்ட பெருநூலில், ஷுவார்ட்ஸ் ஐயர் திருநெல்வேலிக்கு அனுப்பிய சத்தியநாதன், தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் முதலான இந்நாட்டவரையே முன்னிறுத்தினார். கும்பினியாரோ மிஷனெரிகளை நெடுங்காலம் ஐயத்தோடே நோக்கினர். நம் சபைச் சரித்திரங்கள் பலவும் இன்னும் மிஷனெரிகளின் பெயர்வரிசையாகவே இருக்கின்றன. ஊர் ஊராய் நடந்த உபதேசிமாரின் பெயர்களைப் பழைய பதிவேடுகளில்தான் தேடவேண்டியிருக்கிறது.