சுப்பர் ஹீரோ மேசை ஆட்டம்: எந்தத் துணை நூலை முதலில் வாங்குவது?

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் இருந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பேச்சாலும் தாயக்கட்டையாலும் கதையை நகர்த்தும் ஆட்டங்கள் மேற்கு நாடுகளில் அரை நூற்றாண்டாக உள்ளன. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஹீரோக்கள். மாதக்கணக்கில் நீளும் ஒரு தொடர் ஆட்டத்தைத் தொடங்க நினைப்பவரை முதலில் மலைக்க வைப்பது துணை நூல்களின் எண்ணிக்கைதான்.

சுப்பர் ஹீரோ வகையில் பெயர் பெற்ற ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஸ்டீவ் கென்சன் வடிவமைத்த 'மியூட்டன்ட்ஸ் அன்ட் மாஸ்டர்மைன்ட்ஸ்' 2002இல் அமெரிக்காவின் கிறீன் றோனின் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. மூன்றாம் பதிப்பின் மூல விதிநூல் 'ஹீரோஸ் ஹான்ட்புக்'. வழமையான தொடக்க நிலையில் 150 புள்ளிகளைச் செலவழித்து உங்கள் ஹீரோவை உருவாக்கலாம். விதிகளின் பெரும்பகுதி திறந்த உரிமத்தின் கீழ் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எனவே ஒரு சதமும் செலவழிக்காமல் இரண்டு மூன்று அமர்வுகள் ஆடிப் பார்த்துவிட்டுத் துணை நூல்களைப் பற்றி யோசிப்பதே புத்தி.

பலரும் முதலில் வாங்குவது 'பவர் புறொஃபைல்ஸ்'. நெருப்பு, பனி, மனோசக்தி என வகை வகையாகச் சக்திகளைத் தயாராக எழுதித் தரும் நூல். வசதியானது, ஆனால் அவசரமில்லை. அதிலுள்ளவை மூல விதிகளைக் கொண்டே கட்டப்பட்டவை. பொறுமை இருந்தால் நீங்களே கட்டலாம். கதை நடத்துபவருக்கு அதைவிட உதவுவது 'கேம்மாஸ்டர்ஸ் கைட்'. தயார் நிலையில் வில்லன் மாதிரிகளும் கதை அமைக்கும் முறைகளும் அதில் உண்டு. ஒரேயொரு நூல்தான் வாங்க முடியும் என்றால் என் தெரிவு அதுதான்.

சிக்கல் கதைக்களத்தை விபரிக்கும் நூல்களில்தான் இருக்கிறது. விலையை விட முக்கியமான ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். இந்த ஆட்டத்தின் மூல விதிகள் சாவை மேசையிலிருந்து தள்ளியே வைத்திருக்கின்றன. அடிபட அடிபட உயிர்ப்புள்ளி குறையும் முறை இதில் இல்லை. ஒவ்வொரு அடிக்கும் தாங்குதிறனைச் சோதித்துத் தாயக்கட்டை உருட்டுவார்கள். மோசமாகத் தவறினால் ஹீரோ செயலிழந்து விழுவார். வழமையில் சாக மாட்டார். சாவும் அழிவும் எவ்வளவு தூரம் உள்ளே வரலாம் என்பதைப் பெரும்பாலும் நீங்கள் தெரிவு செய்யும் துணை நூலே தீர்மானிக்கிறது.

'ஃபிரீடம் சிற்றி' பளிச்சென்ற பழைய கொமிக்ஸ் உலகம். ஆனால் அந்நகரின் வரலாற்றில் 1993இல் ஒரு பெரும் படையெடுப்பு வருகிறது. நகரின் தலைசிறந்த ஹீரோவான சென்சூரியன் அதில் இறக்கிறார். 'எமரால்ட் சிற்றி'யின் கதையும் நகர் நடுவே நிகழும் ஒரு வெடிப்போடுதான் தொடங்குகிறது. 'கோல்டன் ஏஜ்' இரண்டாம் உலகப்போர்க் காலத்துக்குரியது. 'அயன் ஏஜ்' 1980களின் பிற்பகுதியிலிருந்து வந்த இருண்ட கொமிக்ஸ்களைப் பின்பற்றுவது. கொல்லத் தயங்காத ஹீரோக்கள் அதில் சாதாரணம். பள்ளி மாணவ ஹீரோக்களுக்கான 'ஹீரோ ஹை' இவற்றிலிருந்து நன்றாக விலகி நிற்கும்.

கட்டடம் இடிவது இந்த வகைக் கதைகளில் வெறும் பின்னணிக் காட்சி. விமானச் சத்தம் கேட்டுப் பங்கருக்குள் ஓடிய ஒருவர் உங்கள் மேசையில் இருந்தால் அவருக்கு அது பின்னணி அல்ல. அதற்காக அவரை ஆட்டத்திலிருந்து ஒதுக்க வேண்டியதில்லை. இடிபாட்டிலிருந்து ஆட்களை மீட்கும் காட்சியை அவரே விரும்பிக் கேட்கவும் கூடும். கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கதைக்கள நூல் வாங்குமுன் அதன் சக்திப் பட்டியலை விட்டுவிட்டு, அந்த நகரின் வரலாறு என்ன என்று தேடி வாசியுங்கள். அதை ஆடப்போகிறவர்களிடம் சொல்லுங்கள். எது வரவே கூடாது, எது விபரிக்காமல் கடந்துபோகலாம் என்று முதல் அமர்வுக்கு முன்பே பேசிவிடலாம்.

இதற்கு உதவும் 'கன்சென்ட் இன் கேமிங்' என்ற சிறு நூலை மொன்ரி குக் கேம்ஸ் நிறுவனம் 2019இல் இலவச மின்நூலாக வெளியிட்டது. ஜோன் ஸ்ராவ்றொபொலஸ் உருவாக்கிய எக்ஸ் அட்டை இன்னும் எளிது. எக்ஸ் எழுதிய ஒரு துண்டு மேசை நடுவில் இருக்கும். யாராவது அதைத் தொட்டால் அந்தக் காட்சி அப்படியே கைவிடப்படும். தொட்டவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இது எந்த ஆட்டத்துக்கும் பொருந்தும். கொப்பித் தாளில் எழுதினாலே போதும்.

வாங்கும்போது பதிப்பைப் பாருங்கள். 'கோல்டன் ஏஜ்', 'அயன் ஏஜ்' இரண்டும் 2005இல் வந்த இரண்டாம் பதிப்பு விதிகளுக்கு எழுதப்பட்டவை. கதைப் பகுதியை அப்படியே எடுத்தாளலாம். பாத்திரங்களின் எண்களை மூன்றாம் பதிப்புக்கு நீங்கள்தான் மாற்ற வேண்டும். அதற்கு ஒரு மாலை நேரமாவது போகும். தபால் செலவு கட்டுப்படியாகாதவர்களுக்கு டிரைவ்துறூஆர்பிஜி தளத்தில் மின்நூல்கள் விற்பனைக்கு உள்ளன. ஒரு குழுவுக்கு ஒரு பிரதி போதும்.