கோய் குளத்து வடிகட்டி

கோய் குளத்து வடிகட்டி என்பது வீட்டுத் தோட்டத்துக் குளங்களில் கோய் கார்ப் மீன்களின் கழிவை நீரிலிருந்து பிரித்து, கரைந்துள்ள அம்மோனியாவை நச்சு குறைந்த பொருளாக மாற்றும் அமைப்பு. இதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, மலத்தையும் தீனி எச்சத்தையும் பிடித்துவைக்கும் பகுதி. மற்றது, நுண்ணுயிர்கள் ஒட்டி வாழும் பகுதி. முதல் பகுதியை அடிக்கடி கழுவ வேண்டும்; இரண்டாவதைக் கூடியவரை தொந்தரவு செய்யக் கூடாது. இரண்டையும் ஒரே நாளில் பளபளவெனத் தேய்த்துவிட்டு, அந்த வாரத்திலேயே மீன்களை இழப்பது புதிதாகக் குளம் வைத்தவர்களிடம் திரும்பத் திரும்ப நடக்கிறது.

கோய், உணவுக்கு வளர்க்கும் சாதாக் கெண்டையின் நிற வகை. ஜப்பானின் நீகாட்டா பகுதி விவசாயிகள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய இவ்வகை, 1914இல் டோக்கியோ கண்காட்சிக்குப் பிறகு நாடெங்கும் பரவியது. தமிழ்நாட்டுக்குச் சாதாக் கெண்டை 1939இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்தது. இன்று கோய் குஞ்சுகளை வாங்க வட தமிழகத்தார் பெரும்பாலும் சென்னைக் கொளத்தூர் அலங்கார மீன் சந்தையைத்தான் நாடுகிறார்கள். விரல் நீளத்தில் வாங்கும் குஞ்சு நன்கு பராமரித்தால் 60 செ.மீ.க்கு மேலும் வளரும். கெண்டைக்கு இரைப்பை கிடையாது. தின்றது விரைவில் குடல் வழியே வெளியேறிவிடும். வடிகட்டியின் சுமை மிகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மீன் அம்மோனியாவைப் பெரும்பாலும் செவுள் வழியாகவே வெளியேற்றுகிறது. வடிகட்டியில் வாழும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், நைட்ரோஸ்பைரா போன்ற வேறு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ரஷ்ய அறிஞர் செர்கெய் வினோகிராட்ஸ்கி 1890 வாக்கில் இச்செயலை விளக்கினார். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை முழுதாக மாற்ற 4.57 கிராம் ஆக்சிஜன் செலவாகிறது. நீரின் காரத்தன்மையும், கால்சியம் கார்பனேட் கணக்கில், ஏறத்தாழ 7 கிராம் குறைகிறது. ஆகவே வடிகட்டி கெட்டுவிட்டது என்று முடிவுகட்டும் முன் காற்றோட்டத்தையும் காரத்தன்மையையும் சோதிப்பது நல்லது. புதிய வடிகட்டியில் இந்த நுண்ணுயிர்கள் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை மீன் குறைவாகவும் தீனி அதைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும்.

காட்பாடி நீர்

இந்த அறிவு எங்கும் பொதுவானது. பராமரிப்பு முறையோ ஊர்த் தண்ணீரைப் பொறுத்தது. எடுத்துக்காட்டாக, பாலாற்றின் வடகரையில், பாறை நிலத்தில் அமைந்த காட்பாடியில் குளத்துக்கு ஊற்றுவது பெரும்பாலும் போர் தண்ணீர்தான். அது கடினமானது, உப்புள்ளது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரைக் கெடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. தோலைப் பதப்படுத்தும் உப்பும் குரோமியமும் அந்தக் கதையின் மையம். தொழிற்சாலைப் பகுதியை ஒட்டி வாழ்பவர் குளம் தோண்டுமுன் கிணற்று நீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துக்கொள்வது அவசியம். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் தோல் கழிவுநீரைக் காற்றூட்டித் தூய்மைப்படுத்துவதும் ஆக்சிஜனை நம்பி வாழும் நுண்ணுயிர்கள்தாம். அந்த வகையில் குளத்து வடிகட்டியும் அந்நிலையங்களும் ஒரே கொள்கையில் இயங்குகின்றன.

கடின நீருக்கு ஒரு நன்மை உண்டு: காரத்தன்மை எளிதில் தீர்ந்துபோவதில்லை. ஆனால் அதே நீரில் அமில-கார அளவு (pH) 8ஐத் தொட்டால் நச்சு கூடுகிறது. 30 டிகிரி செல்சியஸில் அளவு 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் நச்சான பங்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு, 8 ஆனால் ஏறத்தாழ 7 சதவீதம், 8.5 ஆனால் 20 சதவீதத்தை நெருங்கும். பாசி நிறைந்த குளத்தில் பிற்பகலில் இந்த அளவு ஏறுவது வழக்கம். காலையில் மட்டும் சோதித்துத் திருப்தி அடைபவர் இதைக் கவனிப்பதில்லை. குடிநீருக்கான ஆர்.ஓ. நீரை ஊற்றினால் நல்லது என்பதும் தவறு. அதில் காரத்தன்மை மிகக் குறைவு என்பதால் வடிகட்டி தடுமாறும்.

கழுவும் முறை

திடக்கழிவுத் தொட்டியின் அடிவாய்க் குழாயைக் கோடையில் இரண்டு மூன்று நாளுக்கொரு முறை திறந்துவிட வேண்டும். ஸ்பாஞ்ச், பிரஷ், பாய் போன்றவற்றை நீரோட்டம் குறைந்தாலோ, அறைகளுக்கிடையே நீர்மட்ட வேறுபாடு தெரிந்தாலோ கழுவலாம். கழுவும் நீர் குளத்து நீராகவே இருக்க வேண்டும். ஒரு வாளியில் அதை எடுத்துப் பிழிந்தால் போதும். நகராட்சிக் குழாய் நீரில் குளோரின் இருக்கும். இந்தியத் தர விதி குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்சியிருக்கச் சொல்கிறது. அது மனிதருக்கு நல்லது, வடிகட்டியின் பாக்டீரியாவுக்குக் கேடு. மீன் கடைகளில் ஆன்டி குளோரின் என்று விற்கும் சோடியம் தயோசல்பேட் அதை நீக்கும். சலவைத்தூள், பிளீச்சிங் பவுடர், பாத்திரம் கழுவும் சோப்பு எதுவும் கூடாது. பயோ பால், ஜல்லி போன்ற நுண்ணுயிர்ப் பகுதியை மூன்றில் ஒரு பங்கு மட்டும், சில மாதங்களுக்கு ஒருமுறை, இலேசாக அலசினால் போதும். அடர்பழுப்புப் படலம் அழுக்கு அல்ல, அதுதான் வடிகட்டியின் உயிர். கழுவிய பின் இரண்டு நாள் தீனியைக் குறைத்து, அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சோதிக்க வேண்டும். நைட்ரைட் ஏறினால் 1,000 லிட்டருக்கு ஒரு கிலோ கல் உப்பு தற்காலிகக் காப்பு. நீர் ஏற்கெனவே உப்பாக இருக்கும் வீடுகளில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரைப் பார்த்துவிட்டே உப்பைத் தொட வேண்டும். கழுவிய அழுக்கு நீர் வாழைக்கும் தென்னைக்கும் நல்ல உரம்.

கோடையும் மின்தடையும்

கத்திரி வெயிலில் நீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். குறைந்த அளவை மட்டும் போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே போனால் உப்பு மாதாமாதம் ஏறும். வாரம் பத்தில் ஒரு பங்கை வெளியேற்றிப் புது நீர் விடுவதே சரி. வெப்பம் ஆக்சிஜனையும் குறைக்கிறது: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரைவது 35 டிகிரியில் 7க்கும் கீழே இறங்கிவிடும். அதே நேரத்தில் மீனும் பாக்டீரியாவும் கூடுதலாகக் கேட்கும். மின்சாரம் போய் மூடிய வடிகட்டியில் நீர் நின்றால் சில மணி நேரத்தில் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து அழுகல் தொடங்கும். நெடுநேரத் தடைக்குப் பின், அந்த நீரை முழுதும் வெளியேற்றிவிட்டுத்தான் மோட்டாரைப் போட வேண்டும். குளத்துக்கும் வடிகட்டிக்கும் சிறிய ஏர் பம்பை இன்வெர்ட்டரில் இணைத்துவைப்பது மற்ற எல்லாச் செலவையும்விடப் பயன் தருவது.

புற ஊதா விளக்கு பச்சை நீரைத் தெளிவாக்கும்; அம்மோனியாவை நீக்காது. அதன் கண்ணாடி உறையில் கடின நீரின் சுண்ணாம்பு படியும், வினிகரில் துடைக்கலாம். பல்பு எரிந்தாலும் ஓராண்டுக்குப் பின் வலு குறைந்துவிடும். மீன் இல்லாத வடிகட்டி அறைகளில் கொசு முட்டையிடும், அதனால் நெருக்கமான வலை மூடி தேவை. கையை விடும் முன் மோட்டார் இணைப்பைப் பிடுங்குவதும், அந்த இணைப்பில் மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்துவதும் விட்டுக்கொடுக்கக் கூடாதவை.