கோவில் எரிந்த பின்பு



செப்டம்பர் 21ம் நாள், திருத்தூதரும் நற்செய்தியாளருமான புனித மத்தேயுவின் திருநாளைக் கொண்டாடுகிறோம். அன்று வாசிக்கப்படும் நற்செய்தியை நாம் எல்லாரும் அறிவோம். சுங்கச்சாவடியில் அமர்ந்திருந்த மத்தேயுவை இயேசு அழைக்கிறார். அவர் எழுந்து பின்செல்கிறார். பிறகு வீட்டில் விருந்து நடக்கிறது. வரிதண்டுபவர்களும், பாவிகள் என்று ஊரார் ஒதுக்கிவைத்தவர்களும் இயேசுவோடு பந்தியில் அமர்கிறார்கள். இதைக் கண்ட பரிசேயர், உங்கள் போதகர் ஏன் இவர்களோடு உண்கிறார் என்று சீடர்களிடம் கேட்கிறார்கள். இயேசு அவர்களுக்கு இறைவாக்கினர் ஓசேயாவை நினைவூட்டுகிறார். கடவுள் விரும்புவது பலியை அல்ல, இரக்கத்தை என்று ஓசேயா சொன்னதன் பொருளைப் போய்க் கற்றுக்கொள்ளுமாறு அவர்களை அனுப்புகிறார்.

'போய்க் கற்றுக்கொள்' என்பது யூத ஆசிரியர்கள் தங்கள் மாணவர்களிடம் வழக்கமாகச் சொல்லும் தொடர். இயேசு பிறந்த காலத்தையொட்டி எருசலேமில் கற்பித்த ஹில்லேல் என்ற பெரியவரைப் பற்றி ஒரு கதை உண்டு. பிற இனத்தவர் ஒருவர் அவரிடம் வந்து, நான் ஒற்றைக் காலில் நிற்கும் நேரத்துக்குள் திருச்சட்டம் முழுவதையும் சொல்லித்தர முடியுமா என்று கேட்டாராம். அதே கேள்வியை முன்பு கேட்டபோது, ஷம்மாய் என்ற இன்னோர் ஆசிரியர் கையிலிருந்த அளவுகோலால் அவரை விரட்டியிருந்தார். ஹில்லேல் விரட்டவில்லை. உனக்கு வெறுப்பானதைப் பிறருக்குச் செய்யாதே, திருச்சட்டம் அவ்வளவுதான், மற்றதெல்லாம் அதற்கு விளக்கம், போய்க் கற்றுக்கொள் என்று அனுப்பிவைத்தார். ஆகவே, மத்தேயுவின் வீட்டில் இயேசு பரிசேயரிடம் பேசியது அவர்களுடைய பள்ளிக்கூடத்து மொழியிலேயே.

அவர்கள் போனார்களா? கற்றுக்கொண்டார்களா? நம் மறையுரைகளில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. பரிசேயர் என்றாலே கற்றுக்கொள்ளாதவர்கள் என்று நாம் முடிவுகட்டிவிட்டோம். அந்தப் பெயரையே ஒரு வசைச்சொல்லாக்கி, பங்கில் நமக்குப் பிடிக்காதவர்கள் மீது வீசவும் செய்கிறோம். ஆனால் வரலாற்றில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது.

பரிசேயரில் பெரும்பாலோர் குருக்கள் அல்லர், பொதுநிலையினர். ஆலயத்தில் குருக்கள் காக்கவேண்டிய தூய்மையைத் தங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கும் கொண்டுவர முயன்றவர்கள். கை கழுவுவது பற்றியும், யாரோடு உண்பது என்பது பற்றியும் அவர்கள் அத்தனை கவலைப்பட்டதற்குக் காரணம் அதுதான். இறந்தோர் உயிர்த்தெழுவர் என்று அவர்களும் நம்பினார்கள். இரவில் இயேசுவைத் தேடிவந்த நிக்கதேம் ஒரு பரிசேயர். திருத்தூதர்களைக் கொல்லாமல் விடச் சொன்ன கமாலியேல் ஒரு பரிசேயர். தாமும் பரிசேயரே என்று தலைமைச் சங்கத்தின் முன் நின்று சொன்னவர் நம் புனித பவுல்.

அந்தப் பள்ளியின் வழியில் வந்தவர் யோகனான் பென் சக்காய். ஹில்லேலின் 80 சீடர்களில் இவர்தான் கடைசி என்று யூத மரபு சொல்கிறது. கடைசி மாணவரே இப்படி என்றால் முதல் மாணவர் எப்படி இருந்திருப்பார் என்று வியப்பதற்காகச் சொல்லப்பட்டது அது.

கி.பி. 66ம் ஆண்டு, யூதேயாவில் உரோமை அரசுக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தது. 70ம் ஆண்டு வசந்த காலத்தில், தளபதி தீத்து எருசலேமை முற்றுகையிட்டார். நகருக்குள் இருந்தவர்களோ ஒற்றுமையாக இல்லை. தீவிரக் குழுக்கள் ஒன்றையொன்று தாக்கிக்கொண்டன. பல ஆண்டுகளுக்குப் போதுமானதாக இருந்த தானியக் கிடங்குகளை அவர்களே எரித்தார்கள். பட்டினி வந்தால்தான் மக்கள் சண்டைக்கு இறங்குவார்கள் என்பது அவர்கள் கணக்கு என்று தால்முத் சொல்கிறது. போரைக் கண்ணால் பார்த்த யோசேபுஸ் என்ற வரலாற்று ஆசிரியரும் கிடங்குகள் எரிந்ததை எழுதியிருக்கிறார்.

யோகனான் சமாதானம் பேச விரும்பினார். ஆனால் நகரைவிட்டு உயிரோடு யாரையும் வெளியே விடமாட்டார்கள். தீவிரக் குழுவின் தலைவர்களில் ஒருவர் அவருடைய சொந்தச் சகோதரியின் மகன். அந்த மருமகனே இரகசியமாக வந்து வழி சொன்னார். நோயுற்றதுபோல் படுத்துக்கொள்ளுங்கள், பிறகு இறந்துவிட்டதாகச் சொல்லச் சொல்லுங்கள் என்றார். எலியேசர், யெகோசுவா என்ற இரு சீடர்கள் ஆசிரியரைப் பிணம்போலச் சுமந்துகொண்டு நகர வாயிலுக்கு வந்தார்கள். காவலர் ஈட்டியால் குத்திப் பார்க்க முயன்றபோது, சொந்த ஆசிரியரையே குத்தினார்கள் என்று உரோமையர் நம்மைப் பற்றிப் பேசுவார்களே என்று மருமகன் தடுத்துவிட்டார்.

வெளியே வந்த யோகனான், உரோமைத் தளபதி வெஸ்பாசியன் முன் நின்று, நீர் பேரரசர் ஆவீர் என்றார். அந்தச் செய்தி உரோமையிலிருந்து வந்தும் சேர்ந்தது. வேண்டியதைக் கேள் என்றார் வெஸ்பாசியன். யோகனான் கேட்டது, கடற்கரைப் பக்கமிருந்த யாப்னே என்ற சிற்றூரையும் அங்கிருந்த அறிஞர்களையும். எருசலேமை அவர் கேட்கவில்லை.

இந்தக் கதையை எழுத்துக்கு எழுத்து நம்ப வேண்டியதில்லை. இது பல நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்டது. வெஸ்பாசியன் 69ம் ஆண்டிலேயே பேரரசராகிவிட்டார். இறுதி முற்றுகையை நடத்தியவர் அவருடைய மகன் தீத்து. ஆனால் யோகனான் இருந்ததும், யாப்னேயில் ஒரு பள்ளி வளர்ந்ததும், கோவிலை இழந்த மக்கள் அங்கிருந்து எழுந்ததும் வரலாறு.

70ம் ஆண்டு கோடையில் கோவில் எரிந்தது. அதன் ஏழுகிளை விளக்குத்தண்டைப் படைவீரர் தூக்கிச் செல்லும் சிற்பத்தை உரோமையிலுள்ள தீத்துவின் வளைவில் இன்றும் காணலாம். யூதர்கள் ஒவ்வோர் ஆண்டும் ஆபு மாதத்தின் 9ம் நாளில், உண்ணாமல், தரையில் அமர்ந்து, புலம்பல் நூலை வாசித்து அந்த நாளை நினைவுகூர்கிறார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் யோகனான் எருசலேமைவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தார். அவரைச் சுமந்து சென்ற அதே யெகோசுவா பின்னால் நடந்தார். இடிபாடுகளைக் கண்டதும் சீடரால் தாங்க முடியவில்லை. நம் பாவங்கள் கழுவப்பட்ட இடம் போய்விட்டதே, இனி என்ன செய்வோம் என்று அழுதார். யோகனான் அவரை மகனே என்று அழைத்து, வருந்தாதே என்றார். அந்தப் பலிக்கு நிகரான பாவக்கழுவாய் ஒன்று நம்மிடம் இன்னும் இருக்கிறது, அது அன்புச் செயல்கள் என்றார். அதற்குச் சான்றாக அவர் எடுத்துச் சொன்னது ஓசேயாவின் வார்த்தை. பலியை அல்ல, இரக்கத்தை என்ற அதே வார்த்தை!

மத்தேயுவின் வீட்டில் இயேசு எந்த இறைவாக்கைப் பரிசேயரிடம் சொன்னாரோ, அதே இறைவாக்கின் மேல்தான் பரிசேயரின் வழிவந்தவர்கள் தங்கள் மக்களின் வாழ்வை மீண்டும் கட்டினார்கள். இயேசு சொன்னதைக் கேட்டுத்தான் யோகனான் சொன்னார் என்று நாம் சொல்லவரவில்லை. அதற்கு எந்தச் சான்றும் இல்லை. இருவருக்கும் ஓசேயா சொந்தம், அவ்வளவுதான்.

இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் கோவிலும் பலியும் வேண்டாமா என்று யாரும் அவசரப்பட வேண்டாம். இயேசு தாம் குணப்படுத்திய தொழுநோயாளரைக் குருவிடம் காட்டிக் காணிக்கை செலுத்தச் சொன்னார். யோகனானும் கோவிலை அற்பமாக எண்ணியவர் அல்லர். அது எரிந்த செய்தி வந்தபோது மேலாடையைக் கிழித்துக்கொண்டு அழுதவர். யாப்னேயில் அவர் செய்த மாற்றங்களில் சில, கோவிலின் நினைவு அழியக்கூடாது என்பதற்காகவே செய்யப்பட்டன. கூடாரப் பெருவிழாவின்போது கோவிலில் மட்டும் ஏழு நாள் பிடித்த குருத்தோலையை, இனி எல்லா ஊரிலும் ஏழு நாளும் பிடிக்கச் சொன்னார். புத்தாண்டு ஓய்வுநாளில் வந்தால், முன்பு கோவிலில் மட்டுமே கொம்பு ஊதுவார்கள். அப்படி ஒரு நாள் வந்தபோது, யாப்னேயிலும் ஊதுவோம் என்றார். முதலில் விவாதிப்போம் என்றார்கள் சிலர். முதலில் ஊதுவோம், பிறகு விவாதிப்போம் என்றார் இவர். ஊதி முடித்ததும் அவர்கள் விவாதத்துக்கு வந்தார்கள். இனி என்ன விவாதம், கொம்புச் சத்தம் ஏற்கெனவே கேட்டாகிவிட்டது என்று முடித்துவிட்டார். பங்குப்பேரவைக் கூட்டங்களில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இந்தப் பெரியவரைப் பிடித்துப்போகும்.

2020ம் ஆண்டு நம் கோவில்களும் பூட்டப்பட்டன. மார்ச் 27ம் நாள் மாலை, மழையில் நனைந்த புனித பேதுரு வளாகத்தில், திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் தன்னந்தனியாக நின்று செபித்ததை நாம் தொலைக்காட்சியில் பார்த்தோம். அந்த நாள்களில் யெகோசுவாவைப் போல் நாமும் அழுதோம். திருப்பலி இல்லை, நற்கருணை இல்லை, பாஸ்கா இல்லை, இனி என்ன செய்வோம் என்றோம். அதே நாள்களில் நெடுஞ்சாலைகளில் ஆயிரக்கணக்கானவர்கள் கைக்குழந்தைகளோடு ஊருக்கு நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குச் சோறும் தண்ணீரும் கொடுக்க வெளியே போனவர்கள் உண்டு. அவர்கள் ஏதோ சமூகசேவைக்குப் போனார்கள் என்றுதான் நம்மில் பலர் எண்ணினோம். அதுவும் பலிபீடம்தான் என்று நமக்குத் தோன்றவில்லை. யோகனானுக்குத் தோன்றியிருக்கும்.

பரிசேயர் என்ற பெயரை நாம் பயன்படுத்தும் விதம் சிறிய காரியம் அல்ல. பிரெஞ்சு வரலாற்று ஆசிரியர் ஜூல்ஸ் இசாக், ஒரு யூதர். அவருடைய மனைவியும் மகளும் அவுஷ்விட்ஸ் முகாமில் அழிக்கப்பட்டார்கள். இத்தனை வெறுப்பு எங்கிருந்து வந்தது என்று தேடிய அவர், கிறிஸ்தவர்கள் நூற்றாண்டுகளாக யூதர்களைப் பற்றிக் கற்பித்துவந்த இகழ்ச்சிக்கும் அதில் பங்குண்டு என்று கண்டார். கோவில் எரிந்ததே யூதர்களுக்குக் கிடைத்த தண்டனை என்று நம் மேடைகளில் சொல்லப்பட்டதும் அந்த இகழ்ச்சியில் சேரும். 1960ம் ஆண்டு ஜூன் 13ம் நாள், 80 வயதைக் கடந்த அந்த முதியவர் திருத்தந்தை 23ம் யோவானைச் சந்தித்து, இந்தக் கற்பித்தலை மாற்றுங்கள் என்று கேட்டுக்கொண்டார். இருவருமே 1963ல் இறந்துபோனார்கள். 1965ம் ஆண்டு அக்டோபர் 28ம் நாள், 2ம் வத்திக்கான் சங்கம், கிறிஸ்தவமல்லாத சமயங்கள் பற்றிய தன் அறிக்கையில், யூதர்களைக் கடவுளால் கைவிடப்பட்டவர்களாகவோ சபிக்கப்பட்டவர்களாகவோ காட்டக்கூடாது என்று அறிவித்தது. 2001ல், திருப்பீட விவிலியப் பணிக்குழு, யூதர்கள் தங்கள் மறைநூலை வாசிக்கும் முறையிலிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம் என்று எழுதியது. 2019ம் ஆண்டு மே மாதம், பரிசேயர் பற்றி உரோமையில் கருத்தரங்கு ஒன்று நடத்திய அறிஞர்களைத் திருத்தந்தை பிரான்சிஸ் சந்தித்தார். வெளிவேடக்காரர் என்ற பொருளில் அந்தப் பெயர் வழங்கிவருவதையும், அதன் பின்னேயுள்ள தப்பெண்ணத்தையும் அவர்களிடம் சுட்டிக்காட்டினார். இதெல்லாம் நம் மேடைகளுக்கு இன்னும் சரியாக வந்துசேரவில்லை.

யாப்னேயின் ஆசிரியர்களை நாம் மதிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர்கள் தங்கள் சந்தேகங்களை மறைக்கவில்லை. எருசலேமையல்லவா கேட்டிருக்க வேண்டும், யாப்னேயைக் கேட்டது அறிவீனம் என்று யோகனானைக் குறைசொன்னவர்களின் பேச்சையும் அதே தால்முத் பதிவுசெய்திருக்கிறது. இறக்கும் தறுவாயில் அவர் அழுதாராம். என் முன்னே இரண்டு வழிகள் இருக்கின்றன, எதில் என்னைக் கொண்டுபோவார்கள் என்று தெரியவில்லை என்று சீடர்களிடம் சொன்னாராம்.

நகரம் ஏன் அழிந்தது என்ற கேள்விக்கும் அவர்கள் உரோமையரைக் கைகாட்டவில்லை. காரணமற்ற பகை என்றார்கள். அதற்கு அவர்கள் சொன்ன கதையும் ஒரு விருந்தில்தான் தொடங்குகிறது.

எருசலேமில் ஒருவருக்கு கம்சா என்று ஒரு நண்பர் இருந்தார், பார் கம்சா என்று ஒரு பகைவரும் இருந்தார். நண்பரை விருந்துக்கு அழைத்துவர வேலைக்காரரை அனுப்பினார். அவரோ பெயர் குழம்பிப் பகைவரை அழைத்துவந்துவிட்டார். பந்தியில் அமர்ந்திருந்த பார் கம்சாவைக் கண்ட வீட்டுக்காரர், எழுந்து போ என்றார். வந்தது வந்துவிட்டேன், எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தாதீர், நான் உண்பதற்கும் குடிப்பதற்கும் பணம் தந்துவிடுகிறேன் என்று கெஞ்சினார் அவர். முடியாது. பாதி விருந்துச் செலவைத் தருகிறேன். முடியாது. விருந்தின் முழுச் செலவையும் தருகிறேன். முடியாது என்று கையைப் பிடித்து எழுப்பி வெளியே தள்ளினார்.

தள்ளப்பட்டவர் நேரே உரோமையரிடம் போனார், யூதர்கள் கலகம் செய்கிறார்கள் என்றார். அதன் பிறகு நடந்ததுதான் முற்றுகையும் நெருப்பும் என்கிறது கதை. ஆனால் அவரைக் கொதிக்கவைத்தது வீட்டுக்காரரின் செயல் மட்டுமல்ல. அதே பந்தியில் ரபிகளும் அமர்ந்திருந்தார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை எழுதிவைத்தவர்களும் ரபிகளே. வீட்டுக்காரரின் பெயரை அவர்கள் எழுதவில்லை. தங்கள் முன்னோர் அங்கே மௌனமாக உட்கார்ந்திருந்ததை எழுதினார்கள்.